முள்ளு சிவப்புக்குப் போகலீங்க

அந்தச் சேருல உக்காராதீங்க தம்பி, கால் ஆடுது. இப்பத்தான் ஒரு அம்மா விழப் பாத்தாங்க. இங்க வாங்க, எம்பக்கத்துல உக்காருங்க. உள்ள யாருங்க, உங்கம்மாளா? மூச்சுத் திணறலா? சரியாயிருமுங்க. இங்க நல்லாப் பாக்கறாங்க. நான் எம்பொண்டாட்டியக் கூட்டிட்டு வந்தப்ப ஒரு கேள்வி கேக்கல, டக்குனு உள்ள எடுத்துட்டாங்க. கேள்வியெல்லாம் அப்பறந்தான் கேட்டாங்க.

இல்லீங்க, அவளுக்குப் பெருசா ஒன்னுமில்ல. வெயில் மயக்கம். டாக்டர் ஏதோ பெரிய பேரா சொல்றாரு, ஒடம்புச் சூடு நூத்தியாறத் தாண்டிருச்சுங்கறாரு, கிட்னியப் பாக்கோணும்ங்கறாரு. நாப்பத்தஞ்சு வயசுப் பொம்பளை, ஒரு சக்கரை இல்ல, ஒரு பிரஷர் இல்ல. வெயிலுக்கு எங்கீங்க கிட்னி போகும்? ஐஸ் வெச்சுருக்காங்க. இன்னும் கண்ணு தொறக்கல. தொறந்துருவா.

அங்க கடைசில பாத்தீங்களா, கையில கட்டுப் போட்டுட்டு செவுத்துல சாஞ்சு நிக்கறான் ஒரு ஆளு. சட்டையெல்லாம் மண்ணு. திரும்பிப் பாக்காதீங்க, பாத்தா இங்க வந்துருவான். அவனாலதான் எல்லாம். அவ கூடப்பொறந்த அண்ணன், மோகனசுந்தரம். நான் அவங்கூடப் பேசறதில்ல. இன்னிக்குக் காத்தாலருந்து பேசறதில்ல, இனிமேலும் பேச மாட்டேன். சொந்தத் தங்கச்சி ஜெயிக்கறதப் பொறுக்க மாட்டாம, ரேஸ் நடந்துட்டு இருக்கறப்ப அவ வண்டிக்குக் குறுக்க வண்டிய விட்டு நிறுத்துனவன். ஆமாங்க, ரேஸ். காரு ரேஸ். நம்ம கோயமுத்தூர்ல இதெல்லாம் புதுசா?

வண்டி எங்க மாமனாரோடது. அறுவது வருசத்துக்கு மேல ஆன வண்டி, இங்கிலீசுக்காரன் பண்ணுனது, ரெண்டே சீட்டு, மேல கூரை கெடையாது. ஒரு எஸ்டேட் தொரை ஊருக்குப் போறப்ப வித்துட்டுப் போனதாம். மாமனாருக்கு அது மேல உசுரு. மகன் ஒருத்தன், மக ஒருத்தி. சாகறப்ப மில்லு மகனுக்கு, வண்டி மகளுக்குன்னு எழுதி வெச்சுட்டுப் போயிட்டாரு. இவனுக்கு அது அன்னிக்கிருந்தே உறுத்தல். வெளிய காட்டிக்க மாட்டான். "தங்கச்சி வளருக்குத்தான் வண்டியோட சத்தம் புரியும், அப்பா சரியாத்தான் பண்ணிருக்காரு"ம்பான். அதெல்லாம் நடிப்புங்க.

எம்பொண்டாட்டி பேரு வளர்மதி. அவளுக்கு இந்த ரேஸெல்லாம் வேண்டியதில்ல. ஞாயித்துக்கிழமையானா வண்டிய எடுத்துட்டு சிறுவாணி ரோட்டுல ஒரு சுத்து போயிட்டு வரோணும், வழியில எளநி குடிக்கோணும், அவ்வளவுதான் அவ ஆசை. நாந்தான் சொன்னேன், இவ்வளவு நல்லா ஓட்டறவ எளநிக்காக ஓட்டறதான்னு. எனக்கு முதுகுல டிஸ்க் தம்பி, அந்தச் சீட்டுல பத்து நிமிசம் உக்காந்தா எந்திரிக்க முடியாது. இல்லீன்னா நானே ஓட்டியிருப்பேன்.

பழைய வண்டிகளுக்குன்னு வருசா வருசம் ஒரு ரேஸ் வெக்கறாங்க. எங்க மாமனார் பேர்ல ஒரு கப்பு குடுக்கறாங்க அதுல. மாமனார் பேரு, மாமனார் வண்டி. ஆனா ரெண்டு வருசமா கப்பு போறது மோகனசுந்தரம் ஊட்டுக்கு. அவன் வேற ஒரு பழைய வண்டி வாங்கி வெச்சு ஓட்டறான். போன தை மாசம் ஒரு கல்யாணத்துல, பந்தியில, அத்தன ஒறம்பரை சனத்துக்கு முன்னாடி எங்கிட்டச் சொல்றான்: "மாப்ள, வண்டி ஷெட்டுல சும்மா கெடக்குதாமே? எங்கிட்ட வுடுங்க, நான் பாத்துக்கறேன், துருப்பிடிச்சிரும்." சோத்தப் பெசஞ்ச கை அப்படியே நின்னு போச்சுங்க எனக்கு. பக்கத்துல உக்காந்திருந்தவன் சிரிச்சான். அன்னிக்கு முடிவு பண்ணுனேன், இந்த வருசம் கப்பு எங்கூட்டுக்கு வரோணும்னு.

வளரு என்ன சொன்னா தெரியுங்களா? "மாமா, அண்ணன் நல்ல மனசோடதான் சொல்லுச்சு"ன்னா. அவளுக்கு ஆளத் தெரியாது.

சரி, வண்டிக்கு என்ன சீக்குன்னா, சூடு. அது ஒன்னுதான் சீக்கு. குளிர்நாட்டுல ஓடறதுக்குப் பண்ணுன வண்டி. இன்ஜினுக்குள்ள தண்ணி ஓடுமுங்க. அந்தத் தண்ணி சூட்ட வாங்கிட்டு முன்னாடி ரேடியேட்டருக்கு வந்து, காத்துல ஆறி, மறுக்கா உள்ள போகும். அவ்வளவுதான் விசயம். நம்ம சித்திரை வெயில்ல ஆறறதுக்குக் காத்தே சூடாத்தான இருக்குது? மூணு சுத்து வேகமா ஓட்டுனா மீட்டர்ல முள்ளு சிவப்புக்குப் போயிரும். அதுக்கு மேல ஓட்டுனா இன்ஜின் தல, சிலிண்டர் மேல இருக்கற மூடி, வளைஞ்சிரும். அறுவது வருசத்து இன்ஜினுங்க, தல போச்சுன்னா அடுத்தது எங்க போயி வாங்கறது? பொண்டாட்டிக்குப் பதில் பொண்டாட்டி கெடைக்கும், இதுக்குப் பதில் கெடைக்குங்களா? தமாசுக்குச் சொன்னனுங்க. சிரிங்க தம்பி.

நான் பண்ணாத வைத்தியமில்ல. ரேடியேட்டரக் கழட்டி உள்ள கம்பி விட்டு அடைப்பெல்லாம் எடுத்தேன். ஆறு எலை ஃபேன் போட்டேன். வர்ற காத்து சந்து பொந்துல தப்பிச்சுப் போயிரக்கூடாதுன்னு சுத்தியும் ஸ்பாஞ்சு வெச்சு அடைச்சேன். பானெட்டப் பின்னாடி ஒரு வெரல்கடை தூக்கி வெச்சேன், உள்ள இருக்கற சூடு அந்த வழியா வெளிய போகட்டும்னு. ராத்திரி படுத்தா அந்த முள்ளுதான் கண்ணுக்குள்ள நிக்கும். வளரு சொல்லுவா, "என்னையும் அப்பப்ப ஒருக்காப் பாருங்க மாமா"ம்பா. பாக்காம என்னங்க? அவதான ஓட்டறவ, அவளுக்குன்னு பிராண்டட் ஹெல்மட்டு, நெருப்புப் புடிக்காத சட்டை, கிளவுஸு, எல்லாம் வாங்கிக் குடுத்தேன். கழுத்துலருந்து கணுக்கால் வரைக்கும் மூடுன மாதிரி சட்டை, மூணு மடிப்புத் துணி. காசுக்கு நான் பாக்கவே இல்ல.

ஒன்னு சொல்லோணும். இந்த மோகனசுந்தரம் ஒரு நாள் ஊட்டுக்கு வந்தான், டிக்கியில ஒரு ரேடியேட்டரத் தூக்கிப் போட்டுட்டு. புதுசு, இவ வண்டிக்கு அளவா இருக்கும், ரெண்டு மடங்கு தண்ணி புடிக்கும். "எங்கிட்டச் சும்மா கெடக்குது மாப்ள, மாட்டிக்கங்க. இந்த வெயில்ல பழசு தாங்காது." எதுக்குக் குடுக்கறான்? அவன் சாமானப் போட்டு ஜெயிச்சா, ஜெயிச்சது யாரு? ஊரு முழுக்கச் சொல்ல மாட்டானா? "எங்க வண்டிக்கு அதெல்லாம் வேண்டீதில்லைங்க மச்சான்"னு திருப்பி அனுப்பிட்டேன். வளரு எந்திரிச்சா. உள்ள போயி காப்பி போட்டுட்டு வந்து அவனுக்கு மட்டும் குடுத்துட்டுப் போயிட்டா. எனக்குக் குடுக்க மறந்துட்டா.

கடைசீல வழி கெடச்சுதுங்க. எனக்கேதான் தோணுச்சு. அந்த வண்டியில ஹீட்டர் இருக்குது. குளிர்நாட்டு வண்டியாச்சே, ஓட்டறவனுக்குக் காலு வெறைக்காம இருக்க, இன்ஜின்ல இருக்கற சுடுதண்ணிய ஒரு பைப்பு வழியா உள்ளுக்குக் கொண்டாந்து, காலுக்கிட்ட ஒரு சின்ன ரேடியேட்டர், அதுக்கு ஒரு ஃபேனு. நம்மூர்ல எல்லாரும் மொத வேலையா அதக் கழட்டிப் போட்டுருவாங்க. எங்க மாமனார் கழட்டல. அதத் தொறந்து விட்டா என்னாகும்? இன்ஜின் சூடுல ஒரு பங்கு அந்த வழியா வெளிய வந்துருமில்ல! ரெண்டாவது ரேடியேட்டர் மாதிரித்தான! நேத்து டிரயல்ல போட்டுப் பாத்தேன். முள்ளு பாதியத் தாண்டல தம்பி. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துருச்சு.

வளரு ரெண்டு சுத்து சுத்திட்டு உள்ள வந்தா. ஹெல்மட்டக் கழட்டறா, மொகம் செக்கச் செவேல்னு இருக்குது. "மாமா, காலு வேகுது. அடுப்புக்குள்ள உக்காந்த மாதிரி இருக்குது. இது வேண்டாம்"னா. நான் சொன்னேன், "பத்தே சுத்து கண்ணு. மீறிப்போனா இருவது நிமிசம். நீ அடுப்படியில நிக்கறதில்லையா தெனமும்?" அவ எம்மூஞ்சியவே பாத்தா. அப்பறம் சரின்னுட்டா. நான் சாயங்காலமே போயி தடியா ரெண்டு ஜோடி சாக்ஸு வாங்கியாந்தேன், காலுக்குச் சூடு தெரியாம இருக்க. அந்தளவுக்கு நான் பாத்துப் பாத்துப் பண்ணுனனுங்க.

எங்க மெக்கானிக் ஒருத்தன், ஃபெலிக்ஸுன்னு. அவன் எப்பவும் வாயத் தொறந்தா குறைதான். ராத்திரி பூட்டறப்ப, "அண்ணா, அக்காவுக்கு முடியலீன்னா அவங்களே நிறுத்திக்கற மாதிரி ஹீட்டர் லீவர விட்டுருங்க"ன்னான். எனக்கு அது சரியாப் படல. பொம்பளை மனசுங்க. பாதியில காலு சுடுதுன்னு லீவரத் தள்ளி உட்டுட்டா என்னாகறது? முள்ளு ஏறிரும், இன்ஜின் போயிரும். அதனால லீவரத் தொறந்த எடத்துல வெச்சு கட்டுக்கம்பி போட்டு முறுக்கிட்டேன். அவகிட்டச் சொல்லல. சொன்னா மனசு அதுலயே நிக்கும்.

சிஸ்டர்! சிஸ்டர், வளர்மதி... ம்? சரிங்க. சரிங்க சிஸ்டர். கண்ணு தொறக்கலையாம். பாட்டில் மாத்தறாங்களாம்.

வேர்க்குது பாருங்க எனக்கு, இந்த ஏசியில.

இன்னிக்குக் காத்தால பதினோரு மணிக்கு எங்க ரேஸு. அதுக்கு முன்னாடி பைக் ரேஸ்ல ஒருத்தன் விழுந்துட்டான், ட்ராக்ல எண்ணெய் கொட்டிருச்சு. கூட்டி வழிச்சு மண்ணப் போடறாங்க. எங்க வண்டியெல்லாம் ஏற்கெனவே வரிசையில வந்து நின்னாச்சு. எறங்கக் கூடாதுன்னுட்டான் கொடி புடிச்சவன், இதோ ஆச்சு இதோ ஆச்சுங்கறான். ஓடற வண்டிக்குக் காத்து வரும், நிக்கற வண்டிக்கு ஏதுங்க காத்து? இன்ஜின ஆஃப் பண்ணிப் பண்ணிப் போடறோம். அப்படியும் முள்ளு ஏறுது. நான் வேலி தாண்டி ஓடிப் போயி வண்டிக்கிட்ட நின்னுட்டேன். தண்ணி வேணும், ரேடியேட்டர் மேல ஊத்தறதுக்கு. கேன் அந்தக் கோடியில இருக்குது. பாத்தேன், வளரு மடியில ஒரு பெரிய பாட்டில் வெச்சிருந்தா. அவ அண்ணன் பொண்டாட்டி குடுத்து விட்டதாம், எலுமிச்சம்பழமும் உப்பும் போட்டு. ஐஸா இருந்துச்சு. புடுங்கி அப்படியே ரேடியேட்டர் மேல ஊத்திட்டேன். புஸ்ஸுன்னுச்சு பாருங்க! முள்ளு கண்ணு முன்னால எறங்குச்சு. டக்குனு அந்த நேரத்துல அந்தப் புத்தி யாருக்குங்க வரும்?

வளரு ஹெல்மட்டுக்குள்ளருந்து ஏதோ சொன்னா. சத்தத்துல கேக்கல. நான் கட்டவெரலத் தூக்கிக் காட்டிட்டு ஓடியாந்துட்டேன்.

கொடி எறங்குச்சு. போனா பாருங்க தம்பி! மொத வளைவுலயே மூணு பேரத் தாண்டிட்டா. ரெண்டாவது சுத்துல மோகனசுந்தரத்துக்குப் பின்னாடி. மூணாவதுல இவனையும் தாண்டிட்டா, நேர் ரோட்டுல, பக்கத்துல போயி ஒரசற மாதிரி. நான் செவுத்தோரமா நின்னுட்டு, எத்தனாவது சுத்துன்னு எழுதுன பலகையத் தூக்கிக் காட்டறேன். அவ வண்டி சத்தம் வேற தம்பி, அத்தன வண்டியில தனியாக் கேக்கும். எனக்கு மாமனார் ஞாபகம் வந்துச்சு. அந்தப் பந்தியில சிரிச்சவன் ஞாபகமும் வந்துச்சு.

ஆறாவது சுத்துல எங்களத் தாண்டறப்ப கையத் தூக்கி, கீழ பாத்து இப்படி இப்படி அசைச்சா. முள்ளு எறங்கிருச்சுன்னு அவ சொல்றதா நான் எடுத்துக்கிட்டேன். ஃபெலிக்ஸு, "அண்ணா, வண்டிய நிறுத்த உள்ள வரேங்கறாங்கண்ணா, காலக் காட்டறாங்க"ங்கறான். "உனக்கென்னடா தெரியும், எம்பொண்டாட்டி என்ன சொல்றான்னு எனக்குத் தெரியாதா"ன்னு கேட்டேன். பலகையில பெருசா 'போ'ன்னு எழுதிக் காட்டுனேன். ஏழாவதுல காட்டுனேன். அவ பாத்தாளான்னு தெரியல. ஹெல்மட்டுக் கண்ணாடிய மேல தூக்கி விட்டிருந்தா, வாயத் தொறந்துட்டு ஓட்டுனா. ஆனா ஆக்சிலேட்டர்லருந்து கால எடுக்கல தம்பி. வேகம் கொறையல. அவங்கப்பன் ரத்தம்.

எட்டாவது சுத்து. அந்தப் பக்கம் ஒரு எடது வளைவு இருக்குதுங்க, நாங்க நிக்கற எடத்துலருந்து தெரியும். வண்டி வழக்கமா உள்ளோரமாப் போறது, வெளியோரமாப் போகுது. அடுத்த வளைவுல இன்னும் வெளிய. தல ஒரு பக்கமா சாயுது, நிமிருது, சாயுது. களைப்புத்தான். யாருக்குத்தான் களைப்பில்ல? இன்னும் ரெண்டே சுத்து. இவன் அவளுக்குப் பின்னாடியே ஒட்டிட்டு வந்தான் பாத்தீங்களா, அவனுக்குத் தெரிஞ்சு போச்சு, இனி முடியாது, கப்பு போச்சுன்னு. என்ன பண்ணுனான்? உள்ளோரம் காலியா இருந்துச்சு, அதுல பூந்து முன்னாடி போனான். போனவன் போக வேண்டியதுதான? போகல. அவளுக்கு நேர் முன்னாடி வந்து பிரேக்கப் போட்டான். இவ வண்டி மூக்கு அவன் வண்டி முதுகுல முட்டுது. விட்டு விட்டுப் பிரேக்கு. அப்படியே தள்ளீட்டு, தள்ளீட்டு, ரெண்டு வண்டியும் மண்ணுக்குள்ள போயி நின்னுச்சு. பின்னாடி வந்தவன் ஜெயிச்சுட்டான். யாரோ ஒரு பொள்ளாச்சிக்காரன்.

நான் ஓடுனேன். டிஸ்க்கோட ஓடுனேன் தம்பி. நான் போறதுக்குள்ள இவன் குதிச்சு, அவளத் தூக்கி வெளிய போட்டுட்டான். தூக்கறப்ப கைய, வண்டிக்குப் பக்கவாட்டுல போற சைலன்சர் பைப்புல ஊணிட்டான், உள்ளங்கை தோலு வழண்டு போச்சு, அதுதான் அந்தக் கட்டு. கொதிக்கற பைப்புல யாராச்சும் கைய வெப்பாங்களா? வண்டியப் பத்தி அவ்வளவுதான் அவனுக்குத் தெரியும். அவ சட்டையக் கத்தியில கிழிக்கறான். புதுச் சட்டைங்க. தண்ணி தண்ணின்னு கத்தறான்.

நான் மொதல்ல என்ன பாத்தேன் தெரியுங்களா? மீட்டரப் பாத்தேன். வண்டி அப்ப ஓடிட்டுத்தான் இருந்துச்சு, யாரும் ஆஃப் பண்ணல. முள்ளு நட்ட நடுவுல நிக்குது. சிவப்புக்குப் போகலீங்க. அவ்வளவு ஓட்டத்துக்கப்பறம், அவ்வளவு வெயில்ல! நான் கண்டுபுடிச்சது சரி. ஃபெலிக்ஸு ஓடியாந்து சாவியத் திருப்பப் போனான், நான் கையப் புடிச்சு நிறுத்துனேன். சூடா ஓடுன இன்ஜின டக்குனு நிறுத்தக் கூடாதுங்க, தண்ணி ஓட்டம் நின்னு சூடு உள்ளயே தங்கிரும். ரெண்டு நிமிசம் சும்மா ஓட விட்டுத்தான் நிறுத்தோணும். அவன் என்னைப் பாத்து, "நீங்கெல்லாம் மனுசனாண்ணா"ன்னுட்டுப் போயிட்டான். போடா, உன்ன மாதிரி நூறு மெக்கானிக்.

அப்பறந்தான் திரும்பி அவளப் பாத்தேன். கண்ணு மேல சொருகியிருந்துச்சு. கை காலு வெட்டி இழுத்துச்சு. மேலெல்லாம் தொட்டா சுடுது, ஆனா ஒரு சொட்டு வேர்வை இல்ல. காஞ்சு போயி இருந்தா. காலுல சாக்ஸக் கழட்டுனாங்க, தோலும் கூடவே...

தண்ணி இருக்குங்களா உங்ககிட்ட? ஒரு வாய் குடுங்க.

ஆம்புலன்ஸுல இவந்தான் ஏறுனான். நான் வண்டிய ஷெட்டுல விட்டுட்டு, பின்னாலயே கார்ல வந்துட்டேன். அந்த மண்ணுலயே விட்டுட்டு வர முடியுங்களா, கண்டவன் கைய வெப்பான். இங்க மொதல்ல பாத்த டாக்டர் ஒரு சின்னப் பொண்ணு. எங்கிட்டக் கேக்குது, "காலையிலருந்து எவ்வளவு தண்ணி குடிச்சாங்க?" ரேடியேட்டருக்கு எவ்வளவு புடிக்கும்னு கேட்டா தூக்கத்துலயும் சொல்லுவேன். இதெல்லாம் யாருங்க அளந்துட்டு இருக்கறாங்க? இவன் பக்கத்துலருந்து சொல்றான்: "காத்தாலருந்து ஒன்னுமே குடிக்கலைங்க டாக்டர். ட்ராக்ல பொம்பளைங்களுக்கு பாத்ரூம் ரொம்பத் தூரம், அந்தச் சட்டையக் கழட்டி மாட்டறதும் செரமம், அதனால குடிக்காமயே வந்துருச்சு. கிளம்பறப்பக் குடிச்சுக்கட்டும்னு எம்பொண்டாட்டி எலுமிச்சம்பழத் தண்ணி குடுத்து விட்டா." டாக்டர், "அதைக் குடிச்சாங்களா?"ன்னு கேட்டுச்சு. அவன் எம்பக்கம் திரும்பிப் பாத்தான். வெறும்னே பாத்தான்.

சொல்லீருக்கலாம் அவன். சொல்லல. ஏன்னு நினைக்கறீங்க? நாளைக்கு நாலு பேருக்கு முன்னாடி வெச்சுச் சொல்றதுக்குத்தான். எனக்குத் தெரியாதா?

நான் விடப் போறதில்ல. ரேஸு நடத்தறவங்ககிட்டப் புகார் குடுக்கப் போறேன். ஓடற வண்டிக்குக் குறுக்க வந்து நிறுத்தறது எந்தச் சட்டத்துல இருக்குது? வளரு எந்திரிச்சதும் அவகிட்டயும் எழுதி வாங்கோணும். அவதான ஓட்டுனவ, அவ சொன்னாத்தான் எடுபடும். அண்ணன்னு பாப்பா, தயங்குவா. நான் எடுத்துச் சொல்லுவேன். இன்னும் ரெண்டு சுத்து கண்ணு, ரெண்டே சுத்து, கப்பு நம்முளுதுன்னு.

என்னங்க தம்பி அப்படிப் பாக்கறீங்க? ஜெயிச்சிருக்க மாட்டாங்கறீங்களா? ஜெயிச்சிருப்பா.

ஆமாங்க சிஸ்டர், நாந்தான். வளர்மதி ஊட்டுக்காரர். முழிச்சுட்டாளா? பேசறாளா? பாத்தீங்களா தம்பி, நான் சொல்லல! சூடு எறங்கிருச்சா? நூத்தொன்னா? நல்லதுங்க சிஸ்டர், நெம்ப நல்லதுங்க. ஒன்னுக்குப் போச்சா, கிட்னி வேலை செய்யுதுங்களா? அப்பாடா. செருப்ப இங்கயே கழட்டிரட்டுங்களா?

ம்?

அவங்கண்ணனையா?

இல்லீங்க, நான் ஊட்டுக்காரர். கட்டுன புருசன். நீங்க கேட்டுட்டு வாங்க, மயக்கத்துல மாத்திச் சொல்லியிருப்பா. ரெண்டு தடவ கேட்டீங்களா. ஒருத்தருதான் போலாமா. சரி. சரிங்க சிஸ்டர்.

மச்சான்.

மச்சான்! இங்க வாங்க. உங்களத்தான் கூப்பிடறா. முழிச்சுட்டாளாம். போங்க. செருப்பக் கழட்டிட்டுப் போங்க.

போறான் பாருங்க, கண்ணத் தொடச்சுட்டு. நானாத்தானுங்க கூப்பிட்டேன். எனக்கென்ன, அவளுக்கு வேணும்னா போகட்டும். வண்டி விசயமாத்தான் இருக்கும். வண்டி மூக்கு நசுங்குனது அவன் வண்டியிலதான, அதக் கேப்பா. எங்கிட்டக் கேட்டா நான் வருத்தப்படுவேன்னு நெனச்சிருப்பா. அவளுக்கு எம்மேல அக்கறை அதிகம்.

உங்களுக்கென்ன அவசரம், இருங்க. உங்கம்மாளப் பாக்க ஆறு மணிக்குத்தான் விடுவாங்க.

பத்து நிமிசமாச்சா? என்ன இவ்வளவு நேரம் பேசறாங்க.

வந்துட்டான்.

என்னங்க மச்சான், என்ன சொல்றா? கதவச் சாத்தாதீங்க, நான் போயி... அவங்களே சாத்திட்டாங்களா. சரி. என்ன சொன்னா?

உங்கூட்டுக்கா? எதுக்கு உங்கூட்டுக்கு? எங்கூட்டுல ஆளில்லையா? நான் பாத்துக்க மாட்டனா? காலுல புண்ணு ஆறற வரைக்குமா? அப்பறம் வந்துருவாளா? அப்பறம் வந்துருவாளான்னு கேக்கறேன் மச்சான். சொல்லுங்க. நில்லுங்க மச்சான், எங்க போறீங்க, மருந்து நான் வாங்கியாரேன், சீட்ட இப்படிக் குடுங்க...

போயிட்டான்.

கேட்டீங்களா தம்பி. அவன் ஊட்டுக்குப் போறாளாம். அவ சொன்னாளாம். சொல்லிக் குடுத்திருப்பான் உள்ள வெச்சு. பத்து நிமிசம் போதாதா? அவளா சொல்லியிருக்க மாட்டா. இருவத்திரெண்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை எதுத்துப் பேசுனதில்ல. நீங்களே சொல்லுங்க, நான் அவளுக்கு என்ன கொறை வெச்சேன்?

உங்களக் கூப்பிடறாங்க தம்பி. ஆமா, உங்கம்மா பேருதான. போங்க, போயிப் பாருங்க.

ஒரு நிமிசம். ஒரே நிமிசந்தான், அப்பறம் போங்க. இவன் வெளிய வந்தப்ப கதவு தொறந்துச்சே, மொதோ கட்டில்தான் அவளுது, நேரா வாசலப் பாத்து. நான் இவனையே பாத்துட்டு நின்னுட்டேன், உள்ள பாக்கல. நீங்க அந்தப் பக்கமாத்தான உக்காந்திருந்தீங்க, உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். அவ கண்ணு தொறந்துதான இருந்துச்சு?

என்னைப் பாத்தாளா தம்பி?